பன்னிரண்டாம் கம்பம்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. ஏரிக் காவல் அலுவலகத்தில் ஒயர்லெஸ் பார்த்தவரே என்னிடம் சொன்னார்.

அந்த ஏரியில் நீர்நாய்களும் ஆமைகளும் உண்டு. மீன் முட்டையிடும் மாதங்களில் வலை போடத் தடை. திருடர்களுக்கு வலை எதற்கு? பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்துத் தண்ணீரில் விட்டால் போதும். மீன், ஆமை, குஞ்சு குளுவான் எல்லாம் செத்து மிதக்கும்.

அன்று படகில் தனியாக ரோந்து போனவர் ஒயர்லெஸ்காரரின் தங்கை கணவர். ஏரியைச் சுற்றிப் பதினொரு எல்லைக் கம்பங்கள். எந்தக் கம்பத்தருகே இருக்கிறோம், நலமா என்று அரை மணிக்கொரு தரம் படகிலிருந்து சொல்ல வேண்டும். ஒயர்லெஸ்காரர் அதை நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். எழுதுவார். மதியம் சாப்பிட்ட கையோடு மாலை வரைக்கும் மொத்தமாக எழுதிவிடுவார்! அங்கே எல்லோரும் அப்படித்தான். கடமையாவது கத்திரிக்காயாவது. அன்றும் எழுதிவிட்டு, 2.30 மணிக்கு மேஜையிலேயே தூங்கிப்போனார்.

சரியாக 4.00 மணி. கர்ர்ர்...

"ஒன்பதாம் கம்பம். வலை இல்ல. நலம்."

விழித்துக்கொண்டு நோட்டைப் பார்த்தார். எழுதியது அப்படியே பொருந்தியது. பரவாயில்லையே என்று சிரித்துக்கொண்டார்.

4.30. கர்ர்ர்...

"பத்தாம் கம்பம். வலை இல்ல. நலம்."

மறுபடியும் அச்சுப் பிசகாமல். ஆனால் இன்ஜின் சத்தம் இல்லை. காற்றின் சத்தம்கூட இல்லை...

5.00. "பதினோராம் கம்பம்..."

நோட்டில் அடுத்த வரியைப் பார்த்தார். தூக்கக் கலக்கத்தில் 'பன்னிரண்டாம் கம்பம்' என்று எழுதியிருந்தார். ஏரியில் அப்படி ஒரு கம்பமே கிடையாது.

5.30. கர்ர்ர்...

"பன்னிரண்டாம் கம்பம். வலை இல்ல. நலம்."

மைக்கைப் பிடுங்கிக் கத்தினார்.

"மாப்ள! எங்க இருக்கீங்க?"

"நீங்க எழுதுன இடத்துலதான் மச்சான்."

கரையோரமாகக் கம்பம் கம்பமாகத் தேடி ஓடினார்.

ஏழாம் கம்பத்தடியில் படகு நின்றது. பக்கத்தில் நாணலுக்குள் மாப்பிள்ளை. உள்ளங்கையில் ஒயர் சுட்ட தடம். சுற்றிலும் வயிறு வெளுத்த மீன்கள். உடம்பு விறைத்திருந்தது.

உயிர் போய்விட்டது, மூன்றரைக்கு முன்பே என்றார் டாக்டர்.

கரண்ட் விட்டு மீன் பிடித்த திருடர்கள் ஏற்கெனவே 4.15க்கு எதிர்க்கரையில் வேறு காவலர்களிடம் பிடிபட்டிருந்தார்கள். நோட்டைப் பார்த்த விசாரணை அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சரைக்குப் பேசினவரை இவங்க எப்படிய்யா கொன்னிருக்க முடியும்?"

"ஐயா, அது நான் மதியமே எழுதினது. பொய் கணக்கு."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டார். அதிகாரி தலைமை அலுவலகத்தில் இருந்த ஒயர்லெஸ் ஒலிப்பதிவை வரவழைத்தார். தங்கையும் உட்கார்ந்து கேட்டாள்.

நாலு மணி, நாலரை, ஐந்து, ஐந்தரை. எல்லாம் பதிவாகியிருந்தது. கடைசி வார்த்தை வரை.

"மச்சான் மாப்பிள்ளை கிண்டல் போல" என்றார் அதிகாரி. மெஷின் பொய் சொல்லுமா? டாக்டர் சொன்ன நேரம்தான் பிசகு என்று முடிவானது. மீன் பிடித்ததற்கு மட்டும் அபராதம் கட்டிவிட்டு அந்தப் பாவிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கை வாசலில் அவரை நிறுத்தினாள்.

"அது அவர் குரல்தான். செத்த பிறகும் உங்க நோட்டைத்தாண்ணே காப்பாத்தியிருக்காரு."