யானை தின்னாத பயிர்

என் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் முடித்த நாளிலிருந்து வருஷத்தில் பாதி தனித்தனியாகத்தான் படுத்தார்கள். சண்டையெல்லாம் இல்லை. யானைதான் காரணம். கெம்பஸ் ஹொஸ்டலில் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பமாட்டாள். "ஒங்க வீட்டு வில்லன் யானையாடி?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாளுகள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது சிரிக்க முடிந்தது.

லக்கல பக்கம் பல்லேகமவில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நன்றாக நடந்தால் எங்கள் வீடு. மண் சுவர், தகரக் கூரை. காணி எங்களுடையதல்ல, மாத்தளை டவுனில் சாமான் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருடையது. எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாகச் சுருங்கியபோது அப்பா அவருடைய லொறியில் மூட்டை ஏற்றப் போனார். கொஞ்ச நாளில் ஹாஜியாரே அவரைக் கூட்டி வந்து காணியைக் காட்டி, விளைவதில் பாதி உனக்கு என்று விட்டுவிட்டார். சுற்றிவரச் சிங்களக் குடும்பங்கள். தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. காட்டை வெட்டிப் பயிர் செய்கிற பக்கத்துச் சேனைக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் பெண்சாதி எனக்குப் பேன் பார்த்து வளர்த்தவள்.

ஐப்பசி மழைக்குக் குரக்கன், சோளம், பயறு எல்லாம் விதைப்பார்கள். கதிர் வைக்கத் தொடங்கியதும் ஆம்பிளைகள் மரத்துக்கு ஏறிவிடுவார்கள். ஒவ்வொரு சேனைக்கும் ஒரு மரம், மரத்தில் ஒரு பரண். அப்பா பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு டோர்ச்சும் வெடியும் எடுத்துக்கொண்டு போனால் விடிந்துதான் வருவார். ஒரு பரணில் யானையைக் கண்டால் அந்த ஆள் கூவுவார், அடுத்த பரண்காரர் கேட்டுக் கூவுவார், அப்படியே காட்டோரம் முழுக்கச் சத்தம் ஓடும். யானைகள் இந்தப் பைத்தியக்காரர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று திரும்பிப் போய்விடும், பெரும்பாலும்.

அம்மா வீட்டில் கதவுக்கு உரலை முட்டுக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிடப்பாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தவரை நான் துணை. நான் படிக்கப் போனபிறகு அதுவும் இல்லை. நாட்டில் சண்டை நடந்த காலம். ரோட்டில் ஆமி ஜீப் போனாலும் பயம், ஜீப் இல்லாமல் அமைதியாக இருந்தாலும் பயம். அம்மா நகை கேட்டதில்லை, கல் வீடு கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பொழுது பட்டால் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பனிக்காரர்கள் வந்தார்கள். எண்ணெய் விலை ஏறி, பஸ் டிக்கெட் ஏறி, எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த நேரம், நானும் லீவில் வீட்டில் இருந்தேன். எல்லாரும் சேர் என்று கூப்பிட்ட ஒரு தொப்பிக்காரர் பன்சலை என்கிற புத்த கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் வைத்தார். வெட்ட எண்டரு நடுங்கள் என்றார். வேறொன்றுமில்லை, நம் காட்டாமணக்கு. வேலிக்கு நடுகிற சனியன். அதன் கொட்டையில் டீசல் எடுக்கலாமாம், நடுகிற கண்டைக் கம்பனியே தருமாம், முன்பணமும் தருமாம், காடும் கெடாதாம், புகையும் வராதாம். சனம் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டது. கடைசியில் அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். இதன் இலை விஷம், ஆடுகூடக் கடிக்காது, யானை திரும்பியே பார்க்காது.

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மாமாதான் கேட்டார், அப்போது நாங்கள் எதைத் தின்பது என்று. சேர் சிரித்துக்கொண்டே, கொட்டையை விற்று அரிசி வாங்கித் தின்னுங்கள் என்றார். சொல்லப்போனால் அதில் பிழையே இல்லை. கெம்பஸில் எனக்குப் பொருளியல் படிப்பித்தவர்களும் அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. வாயில் வைக்க ஏலாத சாமானை நட்டுவிட்டு என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்தும் முனகிக்கொண்டிருந்தார். ஹாஜியாரும் அன்று வந்திருந்தார். உன் இஷ்டம், நான் இதில் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா குசினி வாசலில் நின்றாள். பொதுவாக ஹாஜியார் முன்னால் வாயே திறக்காதவள்.

"பரண்ல கெடந்தது போதுங்க," என்றாள். "வீட்ல வந்து படுங்க."

ஹாஜியார் டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே எதையோ பார்க்கப் போனார். அப்பாவின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் சும்மா இருப்பேனா. "டீசலுக்காக இல்லப்பா, ஒங்களுக்காகத்தான் அம்மா நடச் சொல்றாங்க," என்றேன். அம்மா அகப்பையை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினாள்.

நட்டார்கள். மாமாவும் நட்டார், அந்தப் பக்கம் ஏறக்குறைய எல்லாருமே நட்டார்கள். கம்பனிக்கு இன்னும் இடம் வேண்டுமென்று காட்டுக்கும் சேனைக்கும் நடுவே கிடந்த பற்றையையும் டோசர் விட்டுத் தள்ளினார்கள். யானைகள் பகலில் மேய்கிற பற்றை அது. பாம்புத் தொல்லை விட்டது என்று சனத்துக்குச் சந்தோஷம்.

அந்த மாரிக்கு நான் லீவில் போனபோது வீடு வேறு வீடாக இருந்தது. பொழுது பட்டபிறகு அப்பா குளித்து, நல்ல சாரமாகக் கட்டி, ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். ஐயோ, பவுடர்! என்ன விசேஷம் என்று கேட்டால், வியர்வைக்கு என்றாள். இருவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கொஞ்சிக் கொஞ்சிச் சண்டை பிடித்தார்கள். பாய் யாருடையது, விளக்கை யார் அணைப்பது. "ஒங்கப்பா குறட்டைக்கு யானையே பரவால்ல புள்ள," என்று காலையில் என்னிடம் முறைப்பாடு சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய் சேனைப்பக்கம் நடந்தேன்.

சேனை முழுக்க ஒரே இலை. முன்பு குரக்கனுக்கு நடுவே மிளகாய், கத்தரி, பூசணி எல்லாம் தன்பாட்டில் கிடக்கும். இப்போது எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து மிளகாய்க்குக் காசு கொடுத்திராத அம்மா கடையில் மிளகாய் வாங்கி, யாரும் பார்த்துவிடாதபடி பையின் அடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். கொட்டை பிடிக்க இன்னும் காலம் கிடந்தது, முன்பணத்தில்தான் சாப்பாடு. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறும் என்று ஹாஜியார் ஒரு மூட்டையை முழுசாக அனுப்பி வைத்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் மூட்டை கட்டி வைத்தார்கள். எலி, கள்ளன் என்று பயந்து படுக்கிற அறையிலேயே வைத்தார்கள். அம்மா தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

யானைகளுக்கு இதெல்லாம் யார் சொல்வது? கதிர் வைக்கிற காலத்தில் வழக்கம்போல வந்தன. மேய்கிற பற்றை இல்லை, சேனையில் கசப்பு இலை. பரணில் ஆளும் இல்லை, கூவுகிறவனும் இல்லை. முதலில் மாமா வீட்டுப் பின்பக்கத்து வாழைகளை முடித்தன. பிறகு கூட்டுறவுக் கடைச் சுவரை இடித்து மாவையும் அரிசியையும் இழுத்துப் போட்டன. மறுபடி முறைவைத்துக் காவல் இருப்போமா என்று ஆம்பிளைகள் இரண்டு தடவை கூடிப் பேசினார்களாம். அவனவன் சேனைக்கு அவனவன் காவல் இருந்தவர்கள்தான் எல்லாரும். காக்கிறதற்குப் பயிரே இல்லாதபோது எந்த மரத்தில் ஏறுவது, யாருடைய குசினிக்கு யார் காவல் இருப்பது என்று முடிவுக்கு வராமலே கலைந்துவிட்டார்கள். இப்போது திரிவது ஒற்றை யானைதான், போய்விடும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் போன் காலையில் வந்தது. மாமாவின் போன், ஆனால் பேசியது அப்பா. "புள்ள, வா," என்றார். நான் ஏன், என்ன என்று கத்திக்கொண்டிருந்தேன், போன் மாமாவின் கைக்கு மாறியது. அவர் சிங்களத்தில் சொன்னார்.

மாத்தளையில் பஸ் மாறி மலை ஏறி இறங்குகிற வழியில் செக் பொயின்டில் என்னை மட்டும் இறக்கினார்கள். ஐடென்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிப் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் பெட்டைக்கு லக்கல பக்கம் என்ன வேலை என்றான். அம்மா செத்துவிட்டாள் என்றேன். கார்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தான். நான் ஏறும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்தான்.

அறையின் பின்சுவர் இல்லை. யானை அம்மாவை ஒன்றும் செய்யவில்லை, அவள் அங்கே படுத்திருந்ததே அதற்குத் தெரிந்திருக்காது. அரிசி மணத்துக்குச் சுவரைத் தள்ளியிருக்கிறது. சுவர் விழுந்த பக்கம் அம்மா இருந்தாள். அப்பா கதவுப் பக்கம் படுத்திருந்தார், தோளில் ஒரு காயம், அவ்வளவுதான். மண்ணைக் கையால் கிளறியதில் அவர் நகங்கள் கிழிந்திருந்தன.

மாத்தளை ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனை முடிந்து, அடுத்த நாள் ஹாஜியாரின் லொறியில் அம்மாவைக் கொண்டுவந்தோம். அதற்குள் ஊர்ச் சனம் முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு, வழியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவந்து மாமா வீட்டில் எல்லாருக்கும் சமைத்தார்கள். அவர்களும் கடையில் வாங்கித் தின்கிறவர்கள்தான் அந்த வருஷம். கம்பனி சேரும் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவரை நன்றாக ஏச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கிட்டப் போனபோது அவர் அழுதுகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். பிறகு எண்ணெய் விலை விழுந்து கம்பனி அந்தப் பக்கம் வருவதே நின்றுபோனது. முதல் கொட்டைகள் காய்த்துக் கறுத்துக் கீழே விழுந்தன, பொறுக்க ஆளில்லை.

எஸ்டேட்டிலிருந்து அம்மாவின் அண்ணன் தப்புக்காரர்களோடு வந்திறங்கினார். தூக்குகிற நேரம் வாய்க்கரிசி எங்கே என்று கேட்டார். ஹாஜியார் லொறியிலேயே புது அரிசி ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதை அவிழ்க்கப் போனால் அப்பாவைக் காணவில்லை.

இடிந்த அறைக்குள் இருந்தார். குந்தி உட்கார்ந்து, மடியில் அம்மாவின் சுளகை வைத்துக்கொண்டு, சுவர் மண்ணுக்குள் சிந்திக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். யானை தின்று மிதித்து மிச்சம் விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, அதுவும் கட அரிசிதான. எல்லாரும் நிக்கிறாங்க. எந்திரிங்க."

"இது ஒங்கம்மா பொடச்சு வச்சது," என்றார்.

அம்மாவின் அண்ணன் வாசலில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே தப்புச் சத்தமும் நின்றது. நான் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினேன். வெள்ளை அரிசி இல்லை, சிவப்பு அரிசி. சுவர் மண்ணும் அதே நிறம். எது அரிசி எது மண் என்று விரலால் தடவித் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடி சேர்ந்ததும் அப்பா சுளகை என் பக்கம் தள்ளினார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, எதுவும் தெரிந்திருக்காது.

"நீ ஒரு தடவ நல்லா பாரு புள்ள," என்றார். "கல்லு கெடந்தா ஒங்கம்மா ஏசுவா."

பார்த்தேன். மூன்று கல் கிடந்தது. எடுத்து வெளியே எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.