வாப்பா தூர்த்த தோணா

மாரி மழை பிடித்து மூன்றாம் நாள் எங்கள் குசினித் தரையிலிருந்து ஒரு மணம் கிளம்பும். அழுகிய தேங்காய்ப் பொச்சும் பொலித்தீனும் உப்புத் தண்ணீரும் கலந்த மணம். வீட்டுக்கு வருபவர்கள் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் என் ஏழு வயது மணக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். இருந்ததோ ஒரே வீடு. அவருடைய தையல் மெசின் எவ்வளவு ஓடினாலும் கல்முனைக்குடியில் காணி வாங்கக் கட்டாது. வீட்டு வளவுக்குப் பின்னால் தோணா கிடந்தது. மழை வெள்ளத்தையெல்லாம் வாங்கிக் கடலில் கொண்டுபோய் விடும் அந்த அகன்ற ஓடையில் இறால் துள்ளும், கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் கொக்கு நிற்கும். அதன் கரையைத் தூர்த்தால் மூத்தவளான எனக்கொரு வீட்டுக்கு நிலமாகும் என்று வாப்பா முடிவுகட்டினார்.

அந்த வருடம் ஊரார் எறிந்த குப்பை எங்களுக்குப் பொன்னாக இருந்தது. சந்தையிலிருந்து வரும் குப்பை ட்ராக்டரை வாப்பா கையைக் காட்டி மறிப்பார். உம்மா தேங்காய்ப் பொச்சை அடுப்புக்குக்கூட வைக்காமல் "தோணாக்குள்ள போடு" என்பார். நானும் பள்ளி விட்டு வரும் வழியில் கிடக்கும் "சொப்பிங் பேக்"குகளைப் பொறுக்கிக்கொண்டு வருவேன், என் வீட்டுக்கு என் பங்கு என்ற பெருமையில். கொட்டியதன் மேல் நாங்கள் மூவரும் ஏறிக் குதித்து மிதிப்போம். கடைசியில் கடற்கரை மணலைப் போட்டு மூடியபோது அது நிலம் போலத்தான் இருந்தது.

தோணாவில் வலை வீசும் சின்னராசா ஒருநாள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாப்பாவிடம், "காக்கா, மாரித் தண்ணியும் எங்கயாவது போகத்தானே வேணும்" என்றார்.

"எனக்கு மூணு பொம்புளப் புள்ள தம்பி. நான் எங்க போற?" என்றார் வாப்பா.

சின்னராசா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெண்பிள்ளை பெற்ற மற்றவர்களும் தூர்த்துக்கொண்டு வந்ததில், எதிர்க்கரை வருடா வருடம் எங்களை நெருங்கியது.

இன்று தோணா ஒரு வாய்க்காலின் அகலத்தில் கறுத்துக் கிடக்கிறது. இறாலும் கொக்கும் இல்லை; சின்னராசா வலையை விட்டு எவ்வளவோ காலம். மழை பெய்தால் வெள்ளம் தரை வெடிப்புகளால் ஊறி, அந்த நிலத்தில் வாப்பா கட்டித் தந்த என் வீட்டுக்குள் வருகிறது. போன மாரியில் வாப்பாவின் கட்டிலை நான்கு கல்லின் மேல் ஏற்றி வைத்தோம். படுத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உனக்கு நல்லம் எண்டுதான் மகள் செஞ்சன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நானும் மிதித்தவள்தானே.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. போன கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து, வீடு எங்கே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, என் கணவர் சொல்லி அனுப்பிய குப்பை ட்ராக்டர் பின்வளவில் வந்து நின்றது.

"ராத்தா, மிச்சமிருக்கிற தண்ணிக்குள்ள கொட்டவா?" என்று சாரதி என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வெளியே வந்தேன். "ஓம், ஓரமாக் கொட்டுங்க" என்றேன்.