கடைசிப் பக்கத்தில் ஒரு வெந்தயக் குழம்பு

வாடகை நூல் நிலையம் நடத்துகிறவன் ஊரார் வீட்டுச் சண்டைக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதே தொழிலில் அடிபட்டவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். எண்பதுகளில் இராஜபாளையத்தில் எனக்கு அப்படியொரு கடை. பழைய வாரப்பத்திரிகைக் கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பைண்டரிடம் அட்டை போட்டு வாங்குவேன். அப்படி வந்த ஒரு பேய்க்கதைதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

பூட்டிய அடுப்படி

அருமையான பழைய மர்மக் கதை. மனைவி செத்ததும் ஒருவன் அடுப்படியைப் பூட்டிவிடுகிறான். அவள் எப்படிச் செத்தாள் என்று யாருக்கும் தெரியாது. தினமும் உச்சிவேளையில் உள்ளே தாளிக்கிற வாசனை வருகிறது. ஒருநாள் பூட்டு தானாகக் கழன்று கதவு திறக்கிறது. உள்ளே இலை போட்டு, சுடச்சுடச் சோறு. அவன் உட்கார்ந்து கை வைக்கிறான். பக்கம் முடிந்தது.

அடுத்த பக்கம்: 'வெந்தயக் குழம்பு செய்யும் முறை'. அதோடு சரி. பைண்டர் கடைசித் தாளைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்துச் சமையல் குறிப்பை மேலே விட்டு, கதை முடிவைப் பின்னட்டையோடு பசை தடவி ஒட்டிவிட்டார். நான் பிரித்துப் பார்க்காமலே வாடகைக்கு விட்டுவிட்டேன். முதலில் படித்த டெய்லர் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"அண்ணாச்சி, செத்தவளே சமையல் குறிப்பு எழுதுதா. இப்படி ஒரு முடிவ நான் படிச்சதே இல்ல."

அதன்பின் அந்தப் புத்தகத்துக்கு அம்புட்டுப் பேர் நின்றார்கள். பைண்டர் செய்த கோளாறு புரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்டரின் பட்டினி

மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர் எடுத்துப் போனார். மறுநாள் அவர் வீட்டில் வெந்தயக் குழம்பு. மனுஷன் இலையை விட்டு எழுந்தவர், மூன்று நாளாக வீட்டில் கை நனைக்கவில்லை. மருமகள் என்ன தப்புப் பண்ணினாளோ என்று மாமியார் அவள் பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பப் பார்த்தாராம். பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போகிற வழியில் மாஸ்டரின் சம்சாரம் புத்தகத்தோடு என் கடைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"கலியாணமாகி ஒம்பது வருசம். நான் வச்ச கொழம்ப அவிய இப்பத்தான் மோந்து பாக்காவ."

ஈரத் துணி

உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பையிலிருந்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி ஒன்றை எடுத்து, என் தண்ணீர்க் குடத்தில் நனைத்து, பின்னட்டை மேல் போட்டுவிட்டுச் செத்த நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கிழியாமல் தாளை உரித்தெடுத்தார்.

சேர்ந்தே படித்தோம். மனைவியைக் கொன்றவன் புருஷன். அவள் சோற்றில் விஷம் வைத்தவன், அவள் பரிமாறியதைத் தின்னப் பயந்து எல்லாவற்றையும் உளறிவிடுகிறான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்தம்மா புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

"இத இன்னும் அவிய படிக்கல. இனிமே அவியதான் சமைக்கணும், மொத வாயும் அவியதான் திங்கணும். நான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

பேய்க்கதைக்கு ஆண்பிள்ளை பயப்படலாம், ஆனால் முடிவைப் பெண்டாட்டிக்கு முந்திப் படித்துவிட வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்றது.