ஒற்றைக் கோட்டின் கீழ் எலிசபெத்

அக்னெஸ் வீட்டுத் தபால்பெட்டியில் மூன்று கடைசிப்பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. அவளுக்கு அவள் தகப்பன் பெயர், கணவர் தேவதாசனுக்கு அவர் தகப்பன் பெயர், மகள் மெலனிக்குத் தேவதாசன். மொன்ட்ரியாலுக்கு வந்து ஏறக்குறைய முப்பது வருடமாக ஒவ்வொரு அலுவலகத்திலும் இதை விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. அப்படிப்பட்டவளே ஒரு கடைசிப்பெயரில் இடறி விழுந்தாள் என்பதுதான் வேடிக்கை. ஆனால் விழுந்ததைவிட எழுந்த விதம் பெரிது.

மன்னார்க்காரியான அக்னெஸ் எண்பத்தாறாம் ஆண்டு அகதியாக ஜெர்மனிக்குப் போனாள். சின்ன ஊர் ஒன்றில், கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே அலமாரி நிறையப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள். தூசி தட்டத் திறந்தவள் மூடவில்லை. கோழி கிளறியது போன்ற அந்தப் பழைய எழுத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வாசிக்கத் தெரியாது. அதில் அவள் முதலில் கண்டுபிடித்த சொல் 'அக்னெஸ்'. தன் பெயரின் எழுத்துகளை வைத்து இன்னொரு பெயர், அதை வைத்து வேறொன்று என்று நகர்ந்தாள். பிள்ளை, தாய், தகப்பன், ஞானப்பெற்றோர்: எந்த நாட்டிலும் ஞானஸ்நானப் பதிவில் இருப்பது இவ்வளவுதானே. ஒன்பது வருடத்தில் ஒரு நூற்றாண்டையே வாசித்து முடித்தாள். இந்தக் கெட்டித்தனத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை, தராவிட்டால் போகட்டும்.

இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கிழமை நாட்களில் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை. சனிக்கிழமைகளில், முன்னோரைத் தேடுகிற ஜெர்மன் வம்சத்தவர்களுக்குப் பதிவேடு வாசித்துக் கொடுப்பாள். அப்படித்தான் நகரின் ஓரத்தில், கர்க்லாண்டில் தனியாக இருக்கிற எண்பத்துமூன்று வயது ஹில்டா ஹூல்ஸ்மன் அவளைப் பிடித்துக்கொண்டார். 1834இல் பிறந்த தன் பூட்டன் ஹைன்றிக் ஹூல்ஸ்மன் யாருடைய பிள்ளை என்று ஹில்டாவுக்குத் தெரிய வேண்டும். சாவதற்குள் தெரிய வேண்டும் என்றும் ஒரு சொல் சேர்த்தார்.

அந்தக் காலத்தில் குருவானவர் வருடமெல்லாம் எழுதிய மூலப் பதிவேட்டைப் பார்த்து, வருடக் கடைசியில் ஒரு பிரதி எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். ஹைன்றிக் பிறந்த ஊரின் பிரதி இணையத்தில் இருந்தது, மூலம் இல்லை. பிரதியைத் திறந்ததுமே அக்னெஸுக்கு விளங்கிவிட்டது. தை முதல் மார்கழி வரை ஒரே மை, ஒரே கை. யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரே இருப்பில் இருந்து கொப்பி பண்ணியிருக்கிறார்.

அதில் அந்த வருடம் இரண்டு ஹைன்றிக்குகள். வைகாசியில் பிறந்தவனின் தகப்பன் யோகான் பெக்கர். மார்கழி இருபதாம் தேதி பிறந்தவனுக்குத் தகப்பன் பெயரே இல்லை, தாய் மட்டும்: எலிசபெத் ஹூல்ஸ்மன், வேலைக்காரி. 'ஒரு குடும்பத்துக்கு ஒரே கடைசிப்பெயர்' என்று ஜெர்மன் அதிகாரிகள் ஒன்பது வருடம் அவள் மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். ஆகவே பெக்கரின் பிள்ளை ஹூல்ஸ்மன் ஆக மாட்டான் என்று அக்னெஸ் நம்பினாள். மூலத்தைக் கேட்டு அந்த ஊர்க் கோயிலுக்குக் கடிதம் எழுதினாள்தான். ஆனால் பதில் வருமுன், ஹில்டாவின் அவசரத்துக்கு இணங்கி, பூட்டன் எலிசபெத்தின் பிள்ளைதான் என்று அறிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

ஹில்டா அழுதார். 1965இல் இதே மொன்ட்ரியாலில், கணவன் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்தவர் அவர். ஜெர்மனியில் அவருடைய ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் அதோடு நின்றுபோயின. "எனக்கு முன்னமே ஒருத்தி இருந்திருக்கிறாள்" என்று அக்னெஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னார். அதன் பிறகு எலிசபெத்தைப் பற்றியே பேச்சு. அவள் என்ன சாப்பிட்டிருப்பாள், குளிரில் எங்கே படுத்திருப்பாள் என்றெல்லாம்.

ஐந்து மாதம் கழித்து மூலப் பதிவேட்டின் படங்கள் வந்தன. மார்கழிக் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு சின்னச் சிலுவை. தை எட்டாம் தேதி இறப்பு. பத்தொன்பது நாள் பிள்ளை. பிரதி எடுத்த பிறகு போட்ட சிலுவை அது, வாத்தியார் அதைக் கண்டிருக்க முடியாது. அடுத்த வருடத்து இறப்புப் பதிவை அக்னெஸ் புரட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. வைகாசிப் பிள்ளையின் பதிவிலோ, 'யோகான் பெக்கர், ஹூல்ஸ்மன் என்று அழைக்கப்படுபவர்' என்று இருந்தது. பெண்வீட்டுப் பண்ணைக்குப் போன மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். வாத்தியார் பின்பாதியை எழுதாமல் விட்டுவிட்டார். ஹில்டாவின் பூட்டன் இந்த வைகாசிப் பிள்ளைதான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது மன்னார்க்காரிக்குப் புதினமா என்ன? அக்னெஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த மனுசி சந்தோசமா இருக்குது" என்றார் தேவதாசன். "ஏன் போய்க் குழப்பிறீர்? இருநூறு வருசத்துக்கு முந்தின கதை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லே."

"உமக்குத் தெரிஞ்சா உம்மோட இருக்கட்டுமன்."

"மருந்துப் பெட்டியில பிழை எண்டு தெரிஞ்சாப் பிறகு அனுப்புவனே நான்? நீங்கள் காரை எடுங்கோ."

தேவதாசன் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார். ஒரு கிழவிக்குக் கிடைத்த துணையைப் பறிக்கப்போகிறோம் என்ற நினைப்பு கர்க்லாண்ட் போகும்வரை அக்னெஸை விடவில்லை. ஆனாலும் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அவளிடம் மெச்ச வேண்டியது அதைத்தான். பழைய எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

ஹில்டாவின் மேசையில் அக்னெஸ் புதிய அறிக்கை எதையும் வைக்கவில்லை. பழையதையே வாங்கி, பிழையான வரியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டாள். தொழிற்சாலையில் அதுதான் சட்டம். வெள்ளை பூசி மறைக்கக் கூடாது, கிறுக்கி அழிக்கக் கூடாது. பிழையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பிழை விட்டவர் யார் என்பதும் தெரிய வேண்டும்.

"நீ இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார் ஹில்டா. குரல் கடுத்திருந்தது.

"இருந்திருக்கலாம். பிழை என்னுடையது. மன்னியுங்கள்."

ஹில்டா கோட்டின் மேல் விரலை ஓட்டினார். கோட்டுக்குக் கீழே எலிசபெத் ஹூல்ஸ்மன் அப்படியே இருந்தாள்.

"இவளுக்கு இனி யாரும் இல்லை, அப்படித்தானே? பிள்ளையும் போய்விட்டது. நானும் இல்லை."

கார்த்திகை மாதம் வந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கர்களுக்கு அது இறந்தவர்களுக்கான மாதம். அவர்களுடைய தமிழ்க் கோயிலில் ஞாயிறு பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர் வாசிக்கும்போது சொந்தக்காரர் எழுந்து நிற்பார்கள். பட்டியலில் இரண்டு பெயர் சேர்க்கப்போவதாக அக்னெஸ் சொன்னாள். எழுந்து நிற்கத் தான் இருப்பதாகவும் சொன்னாள். தானும் வருவதாக ஹில்டா சொன்னார்.

அந்த ஞாயிறு தேவதாசனே போய் அவரை ஏற்றி வந்தார். குருவானவர் வாசித்துக்கொண்டு போனார்: "சவிரியான், பிலோமினா, அந்தோனிப்பிள்ளை..." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாங்குப் பலகையில் இருந்த ஆட்கள் எழுந்தார்கள்.

"எலிசபெத், அவருடைய குழந்தை ஹைன்றிக்."

பின்னால் வாங்கில் இருந்த ஒருவர் தேவதாசனின் தோளைத் தட்டினார். "ஆரண்ணை அது? மன்னார் ஆக்களோ?"

அக்னெஸ் எழும்பப் போனாள். எழும்ப முன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஹில்டா, முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.