வெத்துக்கை

மரக்காணத்திலிருந்து அனுமந்தை வரைக்கும், சீட்டில் என்னை ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் உண்டு, அது வேறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலிக்கு உப்பு வாரியவன் நான். இன்று சொந்த உப்பளம், சொந்த லாரி. அதற்கும் சீட்டுக்கும் ஒரே வித்தைதான். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்தால் அவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். வியாபாரி 'இதுக்கு மேல கட்டாதுங்க' என்னும்போதே, இன்னும் எவ்வளவு கட்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் அளத்தை ஒட்டிய பாத்திகள் என் கூட்டாளியுடையவை. வெயில் ஏறியதும் ஆட்கள் வேலையை முடித்துப் போய்விடுவார்கள். உச்சிவேளையில் அங்கே ஈ காக்கா இருக்காது. எங்கே பார்த்தாலும் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அந்த நேரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் வரப்பு வழியாக என் கொட்டகைக்கு வருவான். மூணு சீட்டு ஆடுவோம். பந்தயம் பீடிதான். வாலிபத்தில் தொடங்கியது, இரண்டு பேருக்கும் தலை நரைக்கிற வரைக்கும் நடந்தது.

போன மாசியில் ஒருநாள் பாத்தியிலேயே சுருண்டு விழுந்தான். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடப்பக்கத்தில் உயிர் இருந்தும் அவனாக அசைக்கவில்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவன் சம்சாரம் என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, ஆளப் பாத்தா உள்ள இருக்கறத சொல்லிடுவேன்னு ஊர் பூரா சொல்லிக்கினு இருப்பீங்களே. இவரு மூஞ்சியப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் யாருன்னு இவருக்குத் தெரியுதா?"

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"இவருக்கு எதுவும் தெரியாதுன்றாரு. எம்பொண்ணு, சும்மா பேசிக்கினே இருக்காதம்மான்றா. நான் பேசறது மனுஷங்கிட்டயா, செவுத்துகிட்டயா? அது தெரிஞ்சா போதும்ணே."

உள்ளே போய் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மழை பெய்து கரைந்துபோன பாத்திபோல இருந்தது. "கொஞ்ச நாள் டைம் குடும்மா" என்றேன், ஏதோ விலை பேச வந்தவன்போல. என் வித்தை தோற்றது அதுதான் முதல் தடவை.

உச்சிவேளையில் கொட்டகையில் சும்மா உட்கார முடியவில்லை. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் மருமகன் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்து, அதில் போக்கர் என்று ஓர் ஆட்டத்தைப் போட்டுவிட்டான்.

"மாமா, இது பணம் கட்டி ஆடறது இல்ல. நெட்டும் வேணாம். ஒம்போது பேருல நீங்க ஒருத்தர்தான் மனுஷன். மிச்ச எட்டும் கம்ப்யூட்டர். கடைசி வரைக்கும் நிக்கறவன் டோர்னமென்ட் ஜெயிப்பான்."

"ஆளே இல்லாம யாரு மூஞ்சியடா பாத்து ஆடறது?"

"மூஞ்சி கெடையாது மாமா. அதான் ஆட்டமே."

மூணு சீட்டு தெரிந்தவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பந்தயத்தை ஏற்றலாம், எதிராளி வைத்ததற்குச் சமமாகக் கட்டலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கையில் ஒன்றுமில்லாதவன் பெரிய சீட்டு வந்தவனைப்போலப் பந்தயம் ஏற்றுவதை நாங்கள் வெத்துக்கை ஆடுவது என்போம். அது இதிலும் உண்டு. ஒரே வாரத்தில் அந்த எட்டுப் பேரையும் தினம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாமலே.

அந்த ஆட்டத்தில் நாமாக ஓர் ஆளைச் செய்துகொள்ளவும் வழி உண்டு. சில கோடுகள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். ஒன்றை இழுத்தால் துணிச்சல், இன்னொன்றை இழுத்தால் வெத்துக்கை, இன்னொன்று நிதானம். மருமகன் எது எதற்கு என்று சொல்லிக் கொடுத்தான். அவன் போனபிறகு நான் உட்கார்ந்து என் கூட்டாளியைச் செய்தேன். அவனை அறிந்தவன் என்னைவிட யார்? துணிச்சல் அதிகம், பொறுமை குறைச்சல், வெத்துக்கை ஏராளம். என் வலப்பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

நன்றாகத்தான் ஆடினான். சில நாள் கழித்து ஒரு பெரிய கையைத் தோற்றான். அடுத்த மூன்று கைகளை, நல்லதோ கெட்டதோ, கவிழ்த்துவிட்டு ஒதுங்கினான். நிஜத்தில் என் கூட்டாளி செய்வதும் அதுதான். பெரிய கையைத் தோற்றால் மூன்று ஆட்டம் சீட்டைத் தொடமாட்டான், 'தோத்த சூடு ஆறட்டும்டா' என்பான். அதை நான் எந்தக் குமிழிலும் வைக்கவில்லை.

மருமகனுக்குப் போன் போட்டேன். "அப்படி ஒரு செட்டிங்கே கெடையாது மாமா. தானா நடந்திருக்கும்" என்றான்.

மறுநாளும் நடந்தது. கொட்டகையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. "டேய், இருக்கியா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அவன் முறை. எப்போதும் சட்டென்று ஆடுகிறவன் அன்று வெகுநேரம் ஆடவில்லை. வெளியே வரப்பில் யாரோ வருவதுபோல இருந்தது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். அந்த வெள்ளையில் தூரத்து ஆள் காலும் தலையும் மாறித்தான் தெரிவான். அப்படி ஏதோ நின்றது. பிறகு இல்லை.

உடனே லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் வைத்தேன். அவன் கண்ணுக்கு நேராகத் திரை. தலைமாட்டில் அவன் சம்சாரம், கால்மாட்டில் நான்.

"இன்னாண்ணே, படமா?"

"உன் வூட்டுக்காரனும் நானும் சீட்டு ஆடப்போறோம்."

"அய்ய, இப்பவுமா?" என்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்திருக்க வேண்டும். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒவ்வொருவராகத் தோற்றுப்போய், கடைசியில் நானும் நான் செய்த கூட்டாளியும் மட்டும் மிஞ்சினோம். அவன் ஒரு பெரிய பந்தயம் வைத்தான். கட்டிலில் கிடந்தவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கட்டினேன், தோற்றேன். திரையில் இருந்தவன் கையில் நிஜமாகவே ராஜா ஜோடி இருந்தது.

இன்னொரு கையில் மறுபடி பெரிய பந்தயம். அப்போது போர்வைக்கு வெளியே கிடந்த அவன் இடதுகால் பெருவிரல் பக்கத்து விரலை மெல்ல உரசியது.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவன் முகத்தை நான் ஒருநாளும் படித்ததே இல்லை. கல்லு முகம் அவனுக்கு. கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் ஏற்றும்போது மட்டும், சம்மணம் போட்ட அவன் இடதுகால் பெருவிரல் இப்படி உரசும். அவனுக்கே தெரியாது. இத்தனை வருஷமும் அவனை நான் ஜெயித்தது அந்த விரலைப் பார்த்துத்தான்.

என்னிடம் வெறும் நாலாம் நம்பர் ஜோடி. கட்டினேன். திரையில் அவன் சீட்டு திரும்பியது. வெத்துக்கை.

திரையில் கவிழ்ந்து கிடக்கிற சீட்டு எனக்கும் தெரியாது, கட்டிலில் கிடப்பவனுக்கும் தெரிய வழியில்லை. லேப்டாப்பை அவன் கண்ணில் படாதபடி என் பக்கம் திருப்பிக்கொண்டேன். சத்தத்தையும் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்தவன் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். நான் திரையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன்.

விரல் உரசிக்கொண்டிருந்தது.

கட்டினேன். வெத்துக்கைதான். டோர்னமென்ட் முடிந்தது. திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டியது.

"அண்ணே, அவரு கால் ஆடுது!" அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து கால்மாட்டில் குனிந்தாள். "ஏங்க, நான் யாருன்னு தெரியுதுங்களா? தெரிஞ்சா ஆட்டுங்க."

விரல் நின்றிருந்தது. பிறகு மெல்ல உரசியது.

"தெரியுதாம்ணே! பாத்தீங்களா, தெரியுதுன்றாரு!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் செவுத்துகிட்ட பேசல."

அந்த விரல் வெத்துக்கைக்கு மட்டும்தான் உரசும். ஆள் உள்ளே இருக்கிறான். இல்லாதவன் வெத்துக்கை ஆட முடியாது. ஆனால் இவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது. நீ பேசு" என்றேன்.

"நீங்களும் கேளுங்கண்ணே. உங்களத் தெரியாமயா இருக்கும்?"

வேண்டாம் என்றேன். விடவில்லை. நான் எழுந்து தலைமாட்டுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவன் முகம்தான் தெரியும், கால் தெரியாது. குனிந்து அவன் காதருகே, "டேய், நான் யாருடா?" என்று கேட்டேன்.

கால்மாட்டிலிருந்து அவள் கை தட்டினாள்.

"ஆட்டறாருண்ணே! உங்களையும் தெரியுது!"

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "சரிம்மா, கஞ்சி ஆறிடப்போவுது, ஊட்டு" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.