குரோம் ஒத்துக்காத சின்னப்பன்

அடுத்தவர் முதுகைப் பார்த்தே ஆயுசு போகிற வேலை என்னுடையது. எண்பதுகளில் வேலூரில் ஒரு தோல் டாக்டரிடம் டெக்னீஷியன். அரிப்பு எதனால் என்று கண்டுபிடிக்க, முதுகில் மருந்து வில்லைகளை ஒட்டி ரெண்டு நாள் கழித்துப் பிரிப்போம். நோயாளியிடம் 'குளிக்காதீங்க' என்று சொல்லித் தொண்டை வற்றினவர்களுக்கு என் பேஜார் புரியும்.

குளியல்

ஆம்பூர் தோல் ஷெட்டில், தோலைக் குரோம் உப்பில் ஊறவைத்துப் பதம் பண்ணுகிற டிரம்மை ஓட்டுகிறவர் சின்னப்பன். கையெல்லாம் வெடிப்பு. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வில்லை ஒட்டி அனுப்பினேன். திரும்பி வந்தபோது முதுகு பளபளவென்று இருந்தது, ஒரு வில்லைகூட இல்லை. "இன்னா பண்ணீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஷெட் நாத்தம் போகத் தேய்ச்சாத்தான் வூட்டுக்காரி உள்ளயே விடுவா. அவளுக்கும் நீங்களே சொல்லுங்க சார்."

வத்தி வைக்கிறவன்

அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டு மறுபடி ஒட்டினேன். ரெண்டு நாள் கழித்துப் பிரித்தால், குரோம் வில்லை இருந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. டாக்டர் விளக்கினார்: தோலுக்குள் கை நீட்டிக்கொண்டு ஒரு செல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ரிசெப்டர் என்று கொக்கிகள். வந்த பொருள் எந்தக் கொக்கியில் மாட்டுகிறதோ அதைப் பொறுத்துத்தான் சும்மா விடுவதா, அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிக்கு ஓடிப்போய்ச் சண்டைக்கு ஆள் கூட்டுவதா என்று அது முடிவு பண்ணும். உங்கள் உடம்பில் அது குரோமைக் காட்டிக் கொடுத்துவிட்டது, இனி மறக்காது.

சின்னப்பன் யோசித்தார். "எங்க மேஸ்திரியும் இப்படித்தான் சார். உக்காந்த எடத்துலேர்ந்தே பார்ப்பான், ஓடிப்போய் மேனேஜர்கிட்ட வத்தி வெப்பான்."

கம்பெனியின் தாராளம்

டிரம்மை வெறுங்கையால் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கம்பெனி உடனே கையுறை கொடுத்தது, அவர்களே பதம் பண்ணின குரோம் தோலில் தைத்தது! கை பன்னு மாதிரி வீங்கி வந்தார். எனக்குச் சிரிப்பு, டாக்டருக்குக் கோபம், அவருக்கு அழுகை. டாக்டர் போனில் கத்தியதும் அவரை கேட் வாட்ச்மேன் ஆக்கினார்கள். கூடவே தோல் பெல்ட்டு, தோல் பூட்ஸு. இப்போது இடுப்பைச் சுற்றிப் படை. பெல்ட் போடு, இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்றார்களாம்.

டாக்டர் மறுபடி போன் போட்டார். மேனேஜர் சொன்னது இது: "எங்க தோல் எங்க ஆளுக்கே ஆகலன்னா, சரக்கு வாங்குற வெள்ளைக்கார பையர் இன்னா சார் நெனைப்பான்?"

ரப்பர் செருப்பு

டாக்டர் விடவில்லை. கடைசியில் துணி பெல்ட்டுக்கும் ரப்பர் செருப்புக்கும் ஒத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆறின கையைக் காட்ட வந்தார் சின்னப்பன். வேலை நிலைச்சுதா என்று கேட்டேன்.

"தோல் கம்பெனி கேட்ல உடம்புல தோல் சாமானே இல்லாம நிக்கிறேன் சார். சம்பளமும் தோல்லேர்ந்துதான் வருது, அது மட்டும் அரிக்கல."

நான் பார்த்த அத்தனை முதுகுகளிலும் சொறியாமல் வாசல் தாண்டிப் போனது அவர் முதுகு ஒன்றுதான்.