பன்னிரண்டுக்குப் போட்ட பூஜ்யம்

செம்மநத்தத்தில் எஸ்டேட் நாற்றங்காலில் வேலை செய்யும் அந்த அம்மா, மகளின் கணக்குத் தாளை என் மேசையில் அறைந்தார். எண்பத்துநான்குக்கும் அறுபதுக்கும் மீப்பெரு பொதுக் காரணி பன்னிரண்டு. விடை சரி. பகாக் காரணிப்படுத்தவில்லை என்று நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

“இது புத்தக வழி இல்லீங்க,” என்றேன்.

நகத்து மண்ணைச் சுரண்டியபடியே சீறினார். “எண்பத்துநாலு காப்பி நாத்தும் அறுபது மிளகு நாத்தும் கலக்காம, மிச்சமில்லாம, ஒரே அளவு வரிசையா வெக்கறப்ப பெருசுல சின்னதக் கழிச்சிட்டே வருவேனுங்க. ரெண்டும் சமமானா அதுதான் வரிசைக்கு. நாஞ் சொல்லித்தந்தது. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாங்கறா அவ.”

கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டுதான். மதிப்பெண்ணைத் திருத்தி நீட்டினேன்.

“பூஜ்யத்த எல்லாரு முன்னாலயும் படிச்சீங்களாமே டீச்சர். நாளைக்கு அனுப்பறேன், இதையும் அப்படியே படிங்க.”

மறுநாள் வகுப்பில் மதிப்பெண்ணையும் அந்தக் கழித்தல் வழியையும் படித்தேன். அது ஏன் சரியாக வருகிறது என்று பிள்ளைகள் கேட்டபோது, காரணம் சொல்லத் தெரியாத என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த அம்மாவிடம் போய்க் கேட்க இன்னும் துணிச்சல் வரவில்லை.